பொட்டு வைத்த பெட்டி

— நேத்தோட போச்சு செல்வி. இந்தக் கேமராப் பெட்டி படத்தப் பதினஞ்சு நாளுதான் வச்சிருக்கும். பதினாறாம் நாள் வந்து வீடியோவக் குடு, வீடியோவக் குடுன்னா நான் எங்க போவேன்? பெருமாள் விட்ட வழின்னு கிளம்பு.

— அண்ணாச்சி, ஸ்கூட்டர் மோதின மறுநாளே வந்து கேட்டேன்ல? அப்ப என்ன சொன்னீக? "கேமரா கடை வாசப்படியத்தான் பாக்கும், ரோட்டப் பாக்காது தாயி"ன்னீக. போன மாசம் சோலைராஜ் ஆடு காணாமப் போனப்ப மட்டும், அதச் சேத்தூர் மினிபஸ்ல ஏத்தினவன் மூஞ்சி வரைக்கும் தெரிஞ்சுச்சே.

— அது ஆடு. இது கேஸு. என்னத்துக்கு வம்பு? ஆமா, கூட வந்திருக்க இந்தப் பிள்ளை யாரு, கருப்புக் கோட்டக் கையில மடிச்சு வச்சுக்கிட்டு?

— என் பேரு பியூலா, அண்ணாச்சி. ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டுல வக்கீலா இருக்கேன். செல்விக்கா கேஸ நான்தான் பாக்குறேன்.

— வக்கீலா? ஒக்காருங்கம்மா. அந்தப் பெயிண்ட் டப்பா மேல ஒக்காருங்க, காஞ்சதுதான், ஒட்டாது. ஏட்டி செல்வி, தனியா வந்திருந்தா ஒரு காப்பித் தண்ணி குடிச்சுட்டுப் போயிருப்ப. வக்கீலக் கூட்டிட்டு வாரியே.

— தனியா வந்தா நீங்க ஆணி நிறுத்துக்கிட்டே பேசுவீக. இப்பப் பாருங்க, தராசுல இருந்து கைய எடுத்துட்டீக. இந்தாங்க, வர்ற வழியில சூடா வாங்குனேன். ரெண்டு பேரும் தின்னுக்கிட்டே பேசுங்க.

— என்னது இது, முட்டை பப்ஸா? தள்ளி வையி, தள்ளி வையி. புரட்டாசி மாசத்துல அந்த வாடை கடைக்குள்ளயே ஆகாது.

— ஐயோ, மறந்துட்டேன் அண்ணாச்சி. உங்க வீட்டுப் பெத்தம்மாக்கா தெருவுக்கே சொல்லுதே. "எங்க வீட்டுல அவிய புரட்டாசி முழுக்க ஒத்த வேளைச் சோறு, சனிக்கிழமைன்னா வெள்ளன பஸ்ஸேறி, நம்ம ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்துத் திருவண்ணாமலை மலையேறிப் பெருமாளக் கும்பிட்டுட்டுத்தான் கடையவே திறக்காக"ன்னு. வக்கீலம்மா, நீங்க ரெண்டையும் தின்னுங்க. நெத்தியில நாமம் போட்டவருக்கு முன்னால வேண்டாம், திரும்பி ஒக்காந்து தின்னுங்க.

— பொறவு தின்னுக்கிறேன்க்கா. அண்ணாச்சி, ரெண்டு நிமிசம் நடந்ததச் சொல்லிடுறேன், நான் சொல்றதுல தப்பு இருந்தா நீங்களே திருத்துங்க. ரெண்டாம் புரட்டாசி சனிக்கிழமை, மத்தியானம் பன்னெண்டு பத்து. செல்விக்கா ஆட்டோ உங்க கடைக்கு எதுத்தாப்புல ஓரமா நிக்குது. சுந்தரபாண்டியன்னு ஒருத்தரு ஸ்கூட்டர்ல வாராரு. ரெண்டும் மோதுது. அவருக்கு இடது கை முறிஞ்சு போச்சு. ஆட்டோதான் வேகமா வந்து இடிச்சதுன்னு அவரு புகார் குடுத்திருக்காரு. சரியா?

— எனக்கு என்னம்மா தெரியும்? நான் உள்ள போல்ட்டு நட்டு பாத்துக்கிட்டு இருந்தேன்.

— சரி. இப்ப செல்விக்கா மேல கேஸு இருக்கு. அதோட, லைசென்ஸ ஏன் நிறுத்தி வைக்கக் கூடாதுன்னு ஒரு நோட்டீசும் வந்திருக்கு. நாளைக்கழிச்சு புதன்கிழமை ஸ்ரீவில்லிபுத்தூர் ஆர்.டி.ஓ. ஆபீசுல பதில் குடுக்கணும்.

— லைசென்ஸ் போனா நான் என்ன செய்வேன் அண்ணாச்சி? செட்டியார்பட்டியில இருந்து அஞ்சு பிள்ளைகளப் பள்ளிக்கூடத்துக்கு ஏத்திட்டு வாரேன். கேஸுன்னு கேள்விப்பட்டதும் மூணு வீட்டுல நிறுத்திட்டாக. பதினோரு வருசம் ஓட்டுறேன், ஒரு கோழிக்குஞ்சக்கூட இடிச்சதில்ல. நின்ன வண்டியில ஒருத்தன் வந்து விழுவான், நான் இடிச்சேன்னு எழுதுவான், அதப் பாத்த ஒரே கண்ணு உங்க கடை வாசல்ல தொங்குது. அதுவும் பாக்கலங்குறீக.

— பாக்கலன்னு சொல்லல. பாத்தது அழிஞ்சு போச்சுங்குறேன். அது மெஷினு. நான் அழிக்கல, அதுவா அழிச்சுக்கிருச்சு.

— அதுல தப்பே இல்ல அண்ணாச்சி. யாரும் கேக்காம மெஷின் தானா அழிச்சா அது குத்தம் இல்ல. அழிக்காம வைங்கன்னு எழுத்துல கேட்ட பிறகு, கோர்ட்டுக்குப் போகும்னு தெரிஞ்சே அழிச்சாத்தான் குத்தம். அப்படி எழுதின லெட்டரு இதோ இருக்கு. ஒரு காப்பி உங்களுக்கு, இன்னொரு காப்பியில வாங்கிக்கிட்டேன்னு கையெழுத்து போடுங்க.

— இல்லாத வீடியோவுக்கு எதுக்கும்மா லெட்டரு?

— அதானே, இல்லாததுக்குத்தானே. போடுங்க அண்ணாச்சி, என்ன போச்சு?

— நீ சும்மா இரு செல்வி. இந்தா, போட்டாச்சு. ராக்கப்பன். கீழ தேதியும் போட்டுட்டேன். என்னம்மா பெட்டியவே பாத்துக்கிட்டு இருக்கீக?

— அது மேல சந்தனம் குங்குமம் வச்சிருக்கீங்களே, அழகா இருக்கு. ஆயுத பூஜைக்கு வச்சதா?

— பின்ன? எங்கப்பா காலத்துல இருந்து வர்ற பழக்கம். தராசு, பைப்பு வெட்டுற பிளேடு, சாவி வெட்டுற மெஷினு, கால்குலேட்டரு, எல்லாத்தையும் துடைச்சு, பொட்டு வச்சு, பொரிகடலை படைச்சு, அன்னைக்கு ஒரு நாள் அதுகளுக்கு ஓய்வு. எம்புட்டு அவசரம்னாலும் தொட மாட்டேன். அன்னைக்கு ஒருத்தன் வந்து சாவி வெட்டணும், வீட்டுக்கு வெளியில நிக்கேன்னு அழுதான். பூட்ட உடைச்சுக்கோ, புதுப் பூட்டு சும்மா தாரேன், ஆனா மெஷினத் தொட மாட்டேன்னுட்டேன்.

— கேமராப் பெட்டிக்கும் ஓய்வா?

— நல்லாக் கேட்டீக. வருசம் பூரா கண்ண மூடாம உழைக்கிறது அது ஒண்ணுதான. அதுக்கு இல்லாம யாருக்கு ஓய்வு? சுவிட்ச அணைச்சு, வயர உருவி, பொட்டு வச்சேன். மறுநாள் மறுபூசை போட்டுத்தான் திரும்ப உயிர் குடுத்தேன்.

— அணைச்சது எத்தனை மணிக்கு அண்ணாச்சி?

— புதன்கிழமை காலையில எட்டு. எட்டு மணிக்கு நல்ல நேரம்னு பெத்தம்மா காலண்டரப் பாத்துச் சொன்னா.

— திரும்பப் போட்டது?

— வியாழக்கிழமை பத்து மணிக்கு. ஏன்?

— செல்விக்கா, இப்ப மணி என்ன?

— ஒண்ணு இருவது. ஏன் வக்கீலம்மா, மூஞ்சி பூரா இப்படிச் சிரிக்கீக?

— இருங்க, இதுல ஒரு அழகு இருக்கு. சொல்லித்தான் ஆகணும், செத்த நேரம் கேளுங்க. அண்ணாச்சி, இந்தப் பெட்டிக்கு நாள் தெரியாது. பதினஞ்சு நாள் ஆச்சு, அழிச்சிருவோம்னு அது காலண்டரப் பாக்கிறதில்ல. அதுக்குத் தெரிஞ்சது ஒண்ணே ஒண்ணு, இடம் நிறைஞ்சிருச்சான்னு. செல்விக்கா, ஒரு மினிபஸ் நிறைஞ்சு நிக்குதுன்னு வைங்க. முன்பக்கம் ஒருத்தர் ஏறினாத்தான் பின்பக்கம் முதல்ல ஏறினவரு ஒருத்தரு இறங்கணும். இதான் அந்த பஸ்ஸுல விதி. இப்ப ஒரு நாள் பூரா யாருமே ஏறலன்னா?

— யாரும் இறங்க வேண்டியதில்ல.

— அவ்வளவுதான். புதுப் படம் ஒவ்வொண்ணும் ரொம்பப் பழைய படம் ஒண்ணு மேலதான் எழுதப்படுது. அழிக்கிறதுன்னு தனியா ஒரு வேலையே அதுக்குள்ள கிடையாது. பெட்டி தூங்கினா எதுவும் எழுதாது. எழுதாட்டி எதுவும் அழியாது. புதன் எட்டுல இருந்து வியாழன் பத்து வரைக்கும் இருபத்தாறு மணி நேரம் தூங்கியிருக்கு. அந்தப் பன்னெண்டு பத்துப் படம் நேத்து ஞாயித்துக்கிழமை பன்னெண்டு பத்துக்கு அழிஞ்சிருக்கணும். அதோட இருபத்தாறு மணி நேரத்தக் கூட்டுங்க.

— நேத்து பன்னெண்டு பத்துல இருந்து இன்னைக்குப் பன்னெண்டு பத்து. அதுக்கு மேல ரெண்டு மணி நேரம். ரெண்டு பத்து. அண்ணாச்சி, இன்னும் அம்பது நிமிசம் இருக்கு.

— அட பெருமாளே.

— நீங்க கும்பிட்ட சாமிதான் காப்பாத்தியிருக்கு அண்ணாச்சி. வாய் நிறையச் சொல்லுங்க.

— ஏட்டி, இரு இரு. குதிக்காத, அந்தப் பைப்பு சரிஞ்சு விழும். வக்கீலம்மா, ஒண்ணு சொல்றேன், தப்பா நினைக்காதீக. எங்க குடும்பத்துல இதுவரைக்கும் கோர்ட்டுப் படி ஏறினவுக கிடையாது. இதக் குடுத்தா நாளைக்கு போலீசு வந்து பெட்டியத் தூக்கிட்டுப் போவாக. பொறவு நான் கடைய எதவச்சுப் பாக்க? நான் குடுத்தே ஆகணும்னு சட்டம் இருக்கா?

— நேரா சொல்லிடுறேன். வழியில போறவங்க வந்து கேட்டா நீங்க குடுக்கணும்னு இல்ல. நான் கேட்டாலும் மாட்டேன்னு சொல்லலாம். விசாரிக்கிற போலீசு எழுதிக் கேட்டாலோ, கோர்ட்டு உத்தரவு போட்டாலோ குடுத்தாகணும். நான் இப்பவே கிளம்பி ஸ்ரீவில்லிபுத்தூர் போய் மனு போட்டா உத்தரவு கிடைக்கும்.

— அப்ப அப்படியே செய்யிங்க. முறைப்படி வரட்டும்.

— கிடைக்கிறதுக்குள்ள மணி ரெண்டு பத்து ஆயிரும் அண்ணாச்சி. இன்னைக்கு ரெண்டு பத்து இல்ல, எத்தனையோ ரெண்டு பத்து ஆயிரும். ஆனா ஒண்ணு, நீங்க அந்த லெட்டர்ல கையெழுத்து போட்டாச்சு. இப்ப சும்மா கையக் கட்டிக்கிட்டு மணியப் பாத்தீங்கன்னா, தெரிஞ்சே அழிய விட்டாருன்னு நாளைக்கு ஒருத்தரு கேக்கலாம். கேக்கிறது நானாத்தான் இருப்பேன்.

— இல்லாத வீடியோவுக்கு லெட்டருன்னு கையெழுத்து வாங்கிட்டீகளே தாயி. சிரிச்ச மூஞ்சியோட.

— இல்லன்னு நீங்கதான சொன்னீங்க? நானும் நம்பித்தான் குடுத்தேன். பொட்டப் பாத்த பொறவுதான் சந்தேகமே வந்துச்சு.

— அண்ணாச்சி, நான் வக்கீல் மாதிரிப் பேச மாட்டேன். நாளைக்கழிச்சு நான் அந்த ஆபீசுல போய் நிக்கணும். என் பேச்சு ஒரு பக்கம், மாவுக்கட்டு போட்ட கை ஒரு பக்கம். யாரு பேச்சு எடுபடும், நீங்களே சொல்லுங்க. உங்க கடைக்கு எத்தனை தடவ தண்ணித் தொட்டி ஏத்திட்டு வந்து எறக்கியிருக்கேன். ஒரு தொட்டியில கீறல் விழுந்திருக்கா?

— விழல.

— அம்புட்டுதான் என் கேள்வி.

— சரி, எடுங்க. ஆனா பெட்டிய விட மாட்டேன்.

— பெட்டி வேண்டாம் அண்ணாச்சி. பன்னெண்டுல இருந்து பன்னெண்டேகால் வரைக்கும் இந்தப் புது பென்டிரைவ்ல எடுத்துக்கிறேன், சீல் பிரிக்காதது, பாத்துக்கோங்க. இதுல எத்தனை கேமரா ஓடுது?

— ரெண்டு. ஒண்ணாம் நம்பரு ரோட்டப் பாக்குது. ரெண்டாம் நம்பரு கல்லாவ, அதாவது நான் ஒக்காந்திருக்க இடத்தப் பாக்குது. அது வேண்டாம்.

— அது வேண்டாம்தான், மோதினது ரோட்டுல தான.

— ஆமா, வேண்டாம். ரெண்டாம் நம்பர அமுக்கிறாதீக. அதுல ஒண்ணும் இருக்காது. நான்தான் இருப்பேன். வயசானவன் மூஞ்சியப் பாத்து என்ன செய்யப் போறீக?

— ஏன் அண்ணாச்சி இப்படி வேர்க்குது? ஃபேன் ஓடத்தான செய்யுது?

— புரட்டாசி வெயிலு. நீ வாயப் பொத்திக்கிட்டு இரு. வக்கீலம்மா, எனக்கு ஒரு சந்தேகம். இந்த டப்பா வீடியோவ எவன் வேணாலும் கம்ப்யூட்டர்ல மாத்திக்கிடலாமே. ஆட்டோவ அழிச்சுட்டு ஆனைய நிறுத்தலாம். கோர்ட்டு எப்படி நம்பும்?

— இதக் கேப்பீங்களான்னுதான் காத்துக்கிட்டு இருந்தேன். உங்க சாவி மெஷின எடுத்துக்கோங்க. ஒரு சாவியில எட்டு வெட்டு இருக்கு. அதுல ஒரு வெட்டு நூல் அளவு மாறினா?

— பூட்டு திறக்காது.

— வீடியோவுக்கும் அப்படி ஒரு சாவி எடுக்கலாம். மொத்த வீடியோவையும் கணக்குப் போட்டு அறுபத்துநாலு எழுத்து வர வைப்பாங்க. ஹேஷ்னு பேரு. இப்ப உங்க முன்னாலயே எடுத்து எழுதி வச்சிருவேன். பின்னாடி ஆட்டோவ அழிச்சு ஆனைய நிறுத்த வேண்டாம், வானத்துல ஒரு காக்காய அழிச்சாக்கூட அந்த எழுத்து சேராது. பூட்டு திறக்காது.

— காக்காவுக்கே மாறுமா. எட்டு வெட்டுக்கே நான் கண்ணாடி போட்டுப் பாக்கிறேன், அறுபத்துநாலா. நல்ல வேலையாத்தான் இருக்கு.

— அந்த எழுத்தச் சர்டிபிகேட்டுல எழுதணும். புதுச் சாட்சியச் சட்டத்துல அதுக்குன்னே ஒரு படிவம் இருக்கு. ரெண்டு பாகம். முதல் பாகம் நீங்க கையெழுத்து போடுறது, இது என் பெட்டி, தினமும் ஒழுங்கா ஓடுதுன்னு. ரெண்டாவது, விவரம் தெரிஞ்ச நிபுணர் போடுறது, அத நான் ஸ்ரீவில்லிபுத்தூர்ல பாத்துக்கிறேன்.

— ஒழுங்கா ஓடுச்சுன்னு நான் எப்படிம்மா எழுதுவேன்? ஒரு நாள் அணைச்சுல்ல வச்சிருந்தேன்? பொய்யாயிராதா?

— உங்கள மாதிரி ஆளுக்காகவே சட்டத்துல அதுக்கும் இடம் வச்சிருக்காங்க அண்ணாச்சி. நடுவுல ஓடாம இருந்தாலும், அது இந்தப் பதிவப் பாதிக்கலன்னு உண்மையச் சொன்னாப் போதும். "ஆயுத பூஜைக்காக இருபத்தாறு மணி நேரம் அணைத்து வைக்கப்பட்டது"ன்னு எழுதிடுவேன்.

— கோர்ட்டுப் பேப்பர்ல ஆயுத பூஜையா? அத மட்டும் பெத்தம்மாகிட்டக் காட்டணும்.

— காப்பி ஆயிருச்சு. மணி ஒண்ணு நாப்பத்தெட்டு. போட்டுப் பாத்துருவோமா? செல்விக்கா, கிட்ட வாங்க.

— தெரியுது, தெரியுது. அந்தா என் வண்டி. நின்னுக்கிட்டுத்தான் இருக்கு. நான் வெளிய இறங்கி நின்னு டயரப் பாக்கேன், பாருங்க. நான் வண்டிக்குள்ளயே இல்லை. ஓட்டாத வண்டி எப்படி வேகமா வரும்?

— பன்னெண்டு ஒம்பது. இப்ப ஸ்கூட்டரு வருது. எந்தப் பக்கமா வருது பாத்தீங்களா? எதிர்ப் பக்கமா, தப்பான பக்கத்துல. ஒரு கைதான் ஹேண்டில்பார்ல இருக்கு.

— இன்னொரு கையில போனு. காதுல வச்சுத் தலையச் சாய்ச்சுக்கிட்டுச் சிரிச்சுக்கிட்டே வாரான். வாரான், வாரான், அந்தா என் வண்டி மூஞ்சியில விழுந்துட்டான். வக்கீலம்மா, இன்னொரு தடவ போடுங்க. என் கண்ணுல தண்ணி வந்துருச்சு, சரியாப் பாக்கல.

— போடுறேன். இந்தாங்க, என் கோட்டு நுனியில துடைக்காதீங்க, கர்ச்சீப் தாரேன்.

— அது என்ன, விழுந்ததும் ஸ்கூட்டர் கொக்கியில இருந்து ஒரு பை தெறிச்சுப் போகுது? இலைப் பொட்டலம் மாதிரி. பிரிஞ்சு ரோட்டுல கொட்டுது.

— அட செல்விக்கா, மூணு தெருநாய் ஓடி வருதே. அந்த மனுசன் கை முறிஞ்சு கிடக்காரு, அதுக அவரத் தாண்டிப் பொட்டலத்துக்குப் போகுதுக.

— கறியால்ல இருக்கும்? நாய் இம்புட்டு வேகமா தயிர்சாதத்துக்கு ஓடாது. சனிக்கிழமை மத்தியானம், இந்தத் தெருவுல கறி தின்ன ஆளு யாரு? அந்தச் சுந்தரபாண்டியனுக்கு வீடு சேத்தூர்ப் பக்கம், இங்க என்ன வேலை? அண்ணாச்சி, அவரு உங்ககூடச் சுத்துற சேக்காளிதான? உங்களுக்குத் தெரியாதா?

— வக்கீலம்மா, இதோட போதும்ல? செல்வி நிக்கா, அவன் மோதுறான். முடிஞ்சது. லைசென்ஸ் பொழைச்சுது.

— போதும் அண்ணாச்சி. ஆனா அவரு போன்ல பேசிக்கிட்டே வந்தாருங்கறது பெரிய விசயம். எதிர்த் தரப்பு வக்கீலு, காதச் சொறிஞ்சாருன்னு சொல்லுவாரு. அதனால கோர்ட்டு மூலமா அந்தப் பன்னெண்டு பத்துக்கு யாருகூடப் பேசினாருன்னு போன் கம்பெனியில கேட்டு வாங்கிருவேன். அந்த நம்பர்க்காரர விசாரிச்சா வேலை முடிஞ்சுது.

— யாரா இருந்தாலும் அந்த ஆளக் கூண்டுல ஏத்தணும் வக்கீலம்மா. பதினாறு நாளா நான் ராத்திரி தூங்கல. அந்த ஆளு மட்டும் எல்லாம் தெரிஞ்சும் வாயத் திறக்காம, வயிறு நிறையச் சோறு தின்னுட்டு இருக்கான்.

— ஒத்த வேளைதான் தின்னுறேன் தாயி.

— என்ன அண்ணாச்சி சொன்னீக?

— கூண்டுல ஏறினா சத்தியம் பண்ணச் சொல்லுவாகளா வக்கீலம்மா?

— சொல்லுவாங்க.

— சத்தியம் பண்ணிட்டு, காளான் பொரியல்னு சொன்னா ஒத்துக்கிடுவாகளா?

— காளானா இருந்தா ஒத்துக்குவாங்க அண்ணாச்சி.

— அப்ப வேற வழி இல்ல. மணி இன்னும் ரெண்டு பத்து ஆகல, ரெண்டாம் நம்பரு கேமராவையும் அந்தக் குச்சியில ஏத்திக்கோங்க. நெத்தி நிறைய நாமத்தோட போனக் காதுல வச்சுக்கிட்டு, "சுத்திக்கிட்டு வராதலே, கறி ஆறிப்போகும், எதிர்ப் பக்கமாவே வந்துரு"ன்னு அவன்கிட்டச் சொல்லிக்கிட்டு இருக்கிறது நான்தான்.